சிரிப்பு வட்டம் தொடங்கப் போறம், பிரஷர் குளிசையை நிப்பாட்டலாமா?

23.04.2025, காலை 6.50
கல்லடிக் கரை:

எங்கட முதியோர் சங்கத்தில 32 பேர். 60 தொடக்கம் 81 வயது வரைக்கும் இருக்கிறாங்க. மே மாசம் முதல் ஞாயிறு உலக சிரிப்பு நாளாம், அண்டைக்கு மட்டக்களப்பு வாவிக்கரையில சிரிப்பு வட்டம் ஒண்டு தொடங்குவம் எண்டு கூட்டத்தில முடிவு. பிரச்சினை என்னெண்டா, வாட்ஸ்அப்பில வந்த செய்தி ஒண்டு எல்லார்ட வாயிலயும் நிக்கிது. 15 நிமிசம் சிரிச்சா 2 மணித்தியாலம் நித்திரை கொண்ட மாதிரியாம். பிரஷர் குளிசை, சீனிக் குளிசை ஒண்டும் தேவையில்லையாம். உடம்பும் மெலியுமாம். இதை நம்பி ரெண்டு பேர் குளிசையைக் குறைச்சிட்டாங்க. உண்மையெண்டா எப்பிடிச் செய்யிற எண்டு சொல்லுங்க. பொய்யெண்டாலும் சொல்லுங்க, நாளைக்கே சங்கத்தில கதைக்கோணும்.

23.04.2025, காலை 8.15
வாவிக்காற்று:

அக்கா, வட்டத்தைப் பிறகு பார்ப்போம். குளிசையைக் குறைத்த இருவரையும் கிளினிக் கொப்பியோடு இன்றைக்கே வைத்தியரிடம் அனுப்புங்கள். சில பிரஷர் மருந்துகளைத் திடீரென நிறுத்தினால், முன்பு இருந்ததைவிட மேலே பாயும். நெஞ்சு படபடக்கும், தலை வெடிப்பதுபோல வலிக்கும். சிரிப்பால் குளிசையை நிறுத்தலாம் என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. இதைச் சங்கத்தில் முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

அதற்காகச் சிரிப்பு வட்டம் வீண் என்று ஆகாது. தொடங்குங்கள். சிரிப்பு மருந்துக்குப் பதிலாக வருவதல்ல. அது ஒரு மூச்சுப் பயிற்சி, அதோடு நாலு பேரை ஒரு இடத்தில் சேர்க்கும் காரணம். இந்த இரண்டும் சேர்ந்தே உடம்புக்கு நல்லது செய்கின்றன. செய்தியில் உள்ள மூன்று விசயத்தையும் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

23.04.2025, காலை 9.05
வாவிக்காற்று:

நித்திரைக் கணக்கு எங்கிருந்து வந்தது? நோர்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் 1976இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் தன் வருத்தத்தைப் பற்றி எழுதினார். முள்ளந்தண்டு மூட்டுகளில் கடும் நோவு. நகைச்சுவைப் படம் பார்த்து 10 நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால், நோவில்லாமல் 2 மணித்தியாலம் தூங்க முடிந்தது என்பது அவர் சொன்னது. சிரித்ததால் நோவு தணிந்தது, நோவு தணிந்ததால் நித்திரை வந்தது. சிரிப்பு நித்திரைக்குச் சமன் என்று அவர் சொல்லவே இல்லை. கைமாறிக் கைமாறி வந்ததில் கதை திரும்பிவிட்டது.

மெலியும் கதை. 2007இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒரு நாளைக்கு 10 தொடக்கம் 15 நிமிடம் உண்மையாகச் சிரித்தால் மேலதிகமாக 10 தொடக்கம் 40 கலோரி செலவாகும் என்று அளந்தார்கள். ஒரு தேக்கரண்டிச் சீனியில் ஏறக்குறைய 16 கலோரி. ஆக, தேத்தண்ணியில் போடும் ஒன்றிரண்டு கரண்டிச் சீனி, அவ்வளவுதான். மெலிய வேண்டுமென்றால் அந்தக் கரண்டியை விடுவது சுகம்.

சீனி வருத்தக் கதையில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. 2003இல் ஜப்பானில் 19 நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரே அளவு சாப்பாட்டை இரண்டு நாள் கொடுத்தார்கள். சாப்பிட்ட பின் ஒரு நாள் சுவையில்லாத விரிவுரை, மற்ற நாள் நகைச்சுவை நிகழ்ச்சி. 2 மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் சீனி ஏறியிருந்த அளவு, சிரித்த நாளில் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின் அளந்தது. மாசக்கணக்கில் என்ன நடக்கும் என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது. மெட்ஃபோமின் என்ற சீனிக் குளிசையை விடுவதற்கு அது காரணமே ஆகாது.

23.04.2025, மாலை 5.30
களுதாவளை:

அப்ப பிரஷர்? சிரிச்சா பிரஷர் இறங்கும் எண்டு டீவியிலயும் சொல்றாங்களே.

23.04.2025, இரவு 8.40
வாவிக்காற்று:

முதலில் ஏறும், பிறகுதான் இறங்கும். வரிசை முக்கியம், தம்பி.

ஒரு சிரிப்பைக் கிட்ட நின்று பாருங்கள். "ஹா" என்ற ஒவ்வொரு வெட்டும் ஏறக்குறைய 75 மில்லிசெக்கன். ஒரு வெட்டுத் தொடங்கி அடுத்தது தொடங்க 210 மில்லிசெக்கன். அதாவது ஒரு செக்கனில் ஐந்து வெட்டுக்குக் கிட்ட. எல்லாமே வெளிமூச்சு. வயிற்றுத் தசையும் விலா என்புகளுக்கிடையே உள்ள தசையும் இறுகி இறுகிக் காற்றைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுகின்றன. நடுவில் உள்மூச்சு இல்லாததால் நெஞ்சறை வற்றிக்கொண்டே போகும். கடைசியில் "ஹ்ஹா" என்று ஒரு பெரிய மூச்சு தானாக உள்ளே வரும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு நன்றாகக் கீழே இறங்கும். சாதாரண மூச்சில் அசையாத பழைய காற்று அப்போதுதான் மாறும்.

இந்த நேரத்தில் இதயத் துடிப்பும் குருதியமுக்கமும் மேலே போகும். சிரித்து அடங்கிய பின் தசைகள் தளர்ந்து இரண்டும் இறங்கும். "சிரிச்சுச் சிரிச்சுக் காலெல்லாம் சோந்து போச்சு" என்கிறோமே, அது உடம்பில் உண்மையாகவே நடக்கிறது. சிரிக்கும்போது கால் தசையின் அனிச்சைத் துலங்கல் குறைவதை 1999இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 70 வயதுக்காரர் நின்றுகொண்டு சிரித்தால் விழக்கூடும். ஆளுக்கொரு கதிரை கட்டாயம். கை வைத்த பிளாஸ்டிக் கதிரை என்றால் மணலில் கால் புதைந்து சரியும், கல் பாவிய இடத்தில் போடுங்கள்.

இரத்தக் குழாய் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் மைக்கல் மில்லரின் குழு 20 பேருக்கு ஒரு தடவை சிரிப்புக் காட்சி, ஒரு தடவை மனதை நெருக்கும் காட்சி காட்டியது. மேற்கையில் உள்ள இரத்தக் குழாயின் ஓட்டம் சிரிப்புக்குப் பின் சராசரி 22 வீதம் கூடியது, நெருக்கடிக் காட்சிக்குப் பின் 35 வீதம் குறைந்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது இரண்டாவது எண். மனதை நெருக்குவது அந்த அளவுக்குக் குழாயைச் சுருக்குகிறது.

24.04.2025, காலை 7.10
வாவிக்காற்று:

மேலே எழுதியதில் ஒன்று விடுபட்டது. வட்டத்தில் பிரஷர் பார்க்க மெஷின் கொண்டுவருவீர்கள். சிரித்த உடனே கையில் கட்டாதீர்கள், எண்ணைப் பார்த்துப் பயந்துபோவார்கள். தொடங்கும் முன் பாருங்கள். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணி, வெற்றிலை, சுருட்டு ஒன்றும் கூடாது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகைக் கதிரையில் சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட, 5 நிமிடம் கதைக்காமல் இருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் ஒரு மேசையில் கிடக்கட்டும்.

மேல் எண் 160ஐத் தாண்டினால் அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வேண்டாம், வட்டத்தில் இருந்து மூச்சு மட்டும் விடட்டும். இது என் கணிப்பு. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி வேறு எண் சொன்னால் அதையே எடுங்கள். 180க்கு மேல் போய், நெஞ்சு நோவோ பேச்சுக் குழறலோ இருந்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

24.04.2025, பகல் 12.20
மருதமுனைத் தறி:

காக்கா, எங்கட பக்கமும் ஒரு குழு கேக்கிறாங்க. ஜோக் சொல்ல ஆள் இல்லை. புத்தகத்தைப் பாத்து வாசிச்சா ஒருத்தரும் சிரிக்கிறாங்க இல்லை.

24.04.2025, இரவு 9.00
வாவிக்காற்று:

ஜோக்கே வேண்டாம். ரொபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர் கடைத்தெருவிலும் பல்கலைக்கழக நடைபாதையிலும் சனம் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்துப் பார்த்தார். சிரிப்புக்கு முன் சொன்ன பேச்சில் 10 தொடக்கம் 20 வீதம்தான் ஜோக் என்று சொல்லத்தக்கது. மிச்சமெல்லாம் "சரி, நான் வாறன்", "அட, நீங்களா" போன்ற சாதாரண கதை. தனியே இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பதும் அவர் கண்டதுதான்.

எங்கள் பழைய ஆட்களுக்கு இது தெரிந்தே இருந்தது. நகல்வல்லர் அல்லாதவர்க்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருட்டு என்கிறது 999ஆவது குறள். அங்கே "நகல்" என்பதற்குப் பரிமேலழகர் தரும் பொருள், பிறரோடு கலந்து உள்ளம் மகிழ்தல். கலந்து என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜோக் வாசித்தால் விளங்காதவர் ஒதுங்குவார், காது கேளாதவர் இன்னும் ஒதுங்குவார். மும்பையில் மதன் கட்டாரியா என்ற வைத்தியர் 1995இல் பூங்காவில் 5 பேரோடு தொடங்கிய வட்டத்திலும் இதுதான் நடந்தது. முதலில் ஜோக் சொன்னார்கள். கொஞ்ச நாளில் நல்ல ஜோக் தீர்ந்துபோய், ஆளைக் குத்தும் ஜோக் வரத் தொடங்கியது. அதன் பிறகே ஜோக்கை விட்டுவிட்டு, செய்கையும் மூச்சும் கலந்த சிரிப்புக்கு மாறினார்கள்.

25.04.2025, காலை 6.30
வாவிக்காற்று:

இனிச் செய்முறை. மொத்தம் 25 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெயில் சுடுமுன் முடியும். சாப்பிட்டு 2 மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் புளிச்சல் தொண்டைக்கு வரும். ஆனால் இன்சுலின் போட்டவரோ சீனிக் குளிசை எடுத்தவரோ வெறும் வயிற்றோடு வரக்கூடாது. குளிசைக்கு முன்னரே வந்து, வீடு போய்ச் சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. வட்டத்தில் ஒரு போத்தல் தண்ணீரும் சீனியும் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கதை தடுமாறினால் 3 தேக்கரண்டிச் சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

கதிரைகளை அரைவட்டமாகப் போடுங்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்கூட வரிசையாகப் போட்டால் முதுகைப் பார்த்துச் சிரிப்பு வராது, முகம் பார்த்தால் சிரிப்பு சீக்கிரம் தொற்றும்.

முதல் 5 நிமிடம் கைதட்டு. உள்ளங்கையோடு உள்ளங்கை, விரலோடு விரல் முட்ட. ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு மூன்று. அதே தாளத்தில் "ஹோ ஹோ, ஹா ஹா ஹா". கூத்துக்குத் தாளம் கேட்டு வளர்ந்த ஊர், இது சட்டென்று பிடிபடும். பிறகு மூச்சு: மூக்கால் 4 எண்ணி உள்ளே, வாயால் 6 எண்ணி வெளியே, ஐந்து தரம்.

பிறகு 12 நிமிடம் செய்கைச் சிரிப்பு. ஒவ்வொன்றும் 45 செக்கன், நடுவில் இரண்டு நீண்ட மூச்சு. எங்கள் இடத்துக்கு ஏற்றவை சில.

தேத்தண்ணிச் சிரிப்பு. வலக்கையில் ஒரு கோப்பை, இடக்கையில் ஒரு கோப்பை இருப்பதாக நினையுங்கள். மேல் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி "ஏஏஏ" என்று கீழ்க் கோப்பைக்கு ஆற்றுங்கள். கை மாற்றி மறுபடி "ஏஏஏ". மூன்றாம் தரம் குடிப்பதுபோல அண்ணாந்து "ஹா ஹா ஹா". நீண்ட "ஏ" வெளிமூச்சை இழுத்து நீட்டுகிறது, அண்ணாந்தால் தொண்டை திறக்கிறது. கழுத்து நோவுள்ளவர் அண்ணாராமல் நேரே பார்த்துச் சிரிக்கட்டும்.

கரைவலைச் சிரிப்பு. எதிரெதிரே இருவர், நடுவில் கயிறு இருப்பதாகப் பாவனை. இழுக்கும்போது வெளிமூச்சோடு "ஹோ", தளர்த்தும்போது உள்மூச்சு. ஆறு இழுப்பு முடிந்ததும் மீன் நிறைந்த மடியைக் கண்டதுபோல இருவரும் கை விரித்துச் சிரிப்பது. உண்மையாக வலை இழுத்தவர்கள் வட்டத்தில் இருந்தால் அவர்களையே முன்னுக்கு விடுங்கள். அவர்கள் கை போகும் நயத்தைப் பார்த்து மற்றவர்கள் தாமாகச் சேர்வார்கள்.

வரவேற்புச் சிரிப்பு. வணக்கமோ சலாமோ, அவரவர் வழக்கப்படி. கண்ணைப் பார்த்து, ஒருவருக்கு ஒரு சிரிப்பு, அடுத்தவரிடம் நகர வேண்டும்.

சத்தமில்லாச் சிரிப்பு. வாய் திறந்திருக்க, சத்தம் வெளியே வராமல், தோளும் வயிறும் மட்டும் குலுங்க வேண்டும். 15 செக்கன் போதும். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் நிஜச் சிரிப்பு உடைத்துக்கொண்டு வரும்.

கடைசி 5 நிமிடம் சாய்ந்து இருந்து கண் மூடி "ம்ம்ம்" என்று முரலுவது. ஒரு முரலுக்கு 6 தொடக்கம் 8 செக்கன். பாடும் மீன் வாவிக்குப் பக்கத்தில் முரலுவதற்கு ஆருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

25.04.2025, காலை 7.45
கல்லடிக் கரை:

தேத்தண்ணிச் சிரிப்பை இப்பவே வீட்டில செய்து பாத்தம், பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். குளிசை குறைச்ச ரெண்டு பேரும் நேத்து கிளினிக் போய் வந்திட்டாங்க, திரும்ப எடுக்கிறாங்க.

25.04.2025, இரவு 7.20
திருக்கோவில் மணல்:

ஆரைச் சேக்கக் கூடாது எண்டும் எழுதுங்க.

25.04.2025, இரவு 10.10
வாவிக்காற்று:

சேர்க்கக்கூடாது என்பதைவிட, எதைச் செய்யக்கூடாது என்று பிரிப்பது நல்லது. எவரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

வயிற்றிலோ நெஞ்சிலோ சத்திரசிகிச்சை செய்து 3 மாதம் ஆகாதவர், குடலிறக்கம் உள்ளவர், விலா முறிந்தவர், அண்மையில் கண் சத்திரசிகிச்சை செய்தவர், கண் அழுத்த வருத்தம் உள்ளவர்: இவர்களுக்கு வயிற்றுச் சிரிப்பு வேண்டாம். சிரிக்கும்போது வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் அழுத்தம் திடீரென ஏறுவதே காரணம். கைதட்டும் முரலலும் போதும்.

முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரர். சிரித்தால் இருமலும் இழுப்பும் வருகிறதென்றால் முட்டு அடங்கவில்லை என்று அர்த்தம், சிரிப்பின் மேல் பழி போட வேண்டாம். அதைக் கிளினிக்கில் சொல்லி மருந்தைச் சரிப்படுத்த வேண்டும். நீல இன்ஹேலர் சேலைத் தலைப்பிலோ சட்டைப் பையிலோ இருக்க வேண்டும், வீட்டு அலுமாரியில் அல்ல.

பாரிசவாதம் வந்தவர்களில் சிலர் காரணமில்லாமல் சிரிப்பார்கள், அடக்க முடியாது, சில நேரம் அதுவே அழுகையாக மாறும். "பாருங்க, நல்லாச் சிரிக்கிறார்" என்று அவரை நடுவில் இருத்தாதீர்கள். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. மூளையின் அடக்கும் பாதை பழுதானதால் வருவது, அவருக்கு அது பெரிய அவமானம். வைத்தியரிடம் சொன்னால் மருந்து உண்டு.

சிரிக்கும்போது ஆள் அப்படியே சரிந்தால்: கிடத்தி, காலை உயர்த்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் தெளிவார். தெளிந்தாலும் அன்றைக்கு வைத்தியரிடம் காட்டவேண்டும். தெளியாவிட்டால் 1990.

26.04.2025, காலை 6.00
களுதாவளை:

தலை சுத்துது, வாயைச் சுத்தி விறைக்குது எண்டா? பேப்பர் பையில ஊதச் சொல்றாங்க.

26.04.2025, காலை 6.25
வாவிக்காற்று:

பையை விடுங்கள். அது பழைய முறை, இப்போது சொல்வதில்லை. இதய வருத்தமோ முட்டோ ஒளிந்திருந்தால் பை ஆபத்து. விறைப்பு வருவது மூச்சை அளவுக்கு மிஞ்சி ஊதியதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைவதாலே. நிறுத்தி, இருந்து, வாயை மூடி மூக்கால் மெதுவாக விட்டால் சில நிமிடத்தில் போகும். போட்டி போட்டுச் சிரிக்கிற வட்டத்தில்தான் இது அடிக்கடி வரும்.

அதைப் பற்றி யோசித்ததில் நேற்றுச் சொன்னதை மாற்ற வேண்டியிருக்கிறது. 45 செக்கன் என்று எழுதினேன். 70க்கு மேற்பட்டவர்களுக்கு அது கூட. 20 செக்கன், பிறகு மூன்று மூச்சு. முதல் கிழமை எல்லாருக்குமே 20 வைத்துத் தொடங்குங்கள்.

26.04.2025, மாலை 4.15
காத்தான்குடி வாசகி:

கேக்க வெக்கமாத்தான் இருக்கு. பொம்பிளையளில பாதிப் பேர் வராததுக்குக் காரணம், சிரிச்சா ஒண்டுக்குச் சிந்திரும் எண்ட பயம்.

26.04.2025, இரவு 8.30
வாவிக்காற்று:

ராத்தா, வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த இழையில் கேட்டதிலேயே மிகப் பயனுள்ள கேள்வி இதுதான்.

பிள்ளைப்பேறும் வயதும் இடுப்படித் தசையைத் தளர்த்துகின்றன. சிரிப்பு மேலிருந்து அழுத்தும்போது அது தாங்காமல் கசிகிறது. பயிற்சி இது: காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே மேலே இழுங்கள். 5 செக்கன் பிடித்து 5 செக்கன் விடுங்கள். 10 தரம், நாளைக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் பிட்டமும் இறுகக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. பிழைக்கிற இடம் இதுதான்: நிறையப் பேர் உள்ளே இழுக்காமல் வெளியே முக்குகிறார்கள், அது தளர்ச்சியைக் கூட்டும். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இடையில் விட்டவர்களே "பலிக்கவில்லை" என்பார்கள்.

வட்டத்தில், சிரிக்கத் தொடங்குமுன் ஒரு இறுக்கு. கால்மேல் கால் போட்டு இருப்பதும் உதவும். வருமுன் ஒன்றுக்குப் போய்விட்டு வரலாம், ஆனால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக்கூடாது. எரிவோ காய்ச்சலோ இருந்தால் அது கிருமித்தொற்று, வைத்தியரிடம்தான் போக வேண்டும். பெண்களுக்கு மண்டபத்துக்குள் தனி வட்டம் வைத்தால் வரவு கூடும். முதல் நாள் 5 நிமிடம் இந்தப் பயிற்சியைச் சொல்லித்தரக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் கைதேர்ந்தவர்கள்.

28.04.2025, இரவு 9.40
திருக்கோவில் மணல்:

ஒரு சந்தேகம். பொய்யாச் சிரிச்சாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது எண்டு எல்லா இடத்திலயும் எழுதி வச்சிருக்காங்க. சரியா?

29.04.2025, காலை 5.50
வாவிக்காற்று:

எல்லா இடத்திலும் எழுதினாலும் அது அப்படியே சரியல்ல. மூளையில் இரண்டு பாதை. வேண்டுமென்று சிரிப்பது ஒரு வழி, தானாக வருவது இன்னொரு வழி. மூளையின் ஒரு பக்கம் அடிபட்டு முகம் கோணியவரைச் "சிரியுங்கள்" என்றால் ஒரு பக்கம்தான் இழுபடும். நிஜமாகச் சிரிப்பு வந்தால் இரண்டு பக்கமும் மலர்வதைச் சிலரில் காணலாம். 1862இலேயே டுஷேன் என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்ணைச் சுற்றிய தசையைக் காட்டி, நிஜப் புன்னகையில் அது சேரும், வேண்டுமென்று செய்தால் சேராது என்று எழுதினார்.

நோவு தாங்கும் சக்தி கூடுவதை ஒக்ஸ்போர்ட்டில் ரொபின் டன்பாரின் குழு அளந்தது. கையில் குளிர் உறை, பிரஷர் பட்டை கட்டி, எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று சிரிக்குமுன்னும் பின்னும் பார்த்தார்கள். குழுவாக உண்மையில் சிரித்தவர்களுக்குக் கூடியது. 2017இல் பின்லாந்தில் 12 பேருக்கு மூளைப் படம் எடுத்தபோது, நண்பர்களோடு சிரித்த பின் உடம்பின் சொந்த நோவுநீக்கிகள் சுரப்பது தெரிந்தது. இரண்டுமே ஆட்களோடு சேர்ந்த நிஜச் சிரிப்பு.

அப்படியானால் பாவனைச் சிரிப்பு எதற்கு? இரண்டு காரணம். மூச்சுப் பயிற்சி பாவனையிலும் கிடைக்கிறது, அது பொய்யல்ல. மற்றது, முகம் பார்த்து இருந்தால் பாவனை சீக்கிரம் நிஜமாகும். தீப்பெட்டி உரசுவதுபோல அது. முதல் சில நாள் 25 நிமிடத்தில் ஓரிரண்டு நிமிடம் நிஜமாக வந்தாலே வெற்றி. எவரையும் "இன்னும் சத்தமா" என்று வற்புறுத்தாதீர்கள்.

29.04.2025, காலை 6.35
வாவிக்காற்று:

கசின்ஸ் பற்றி எழுதியதிலும் ஒரு பாதியை விட்டுவிட்டேன். அவர் அதே காலத்தில் பெரிய அளவில் விட்டமின் சியும் ஏற்றினார், ஆஸ்பத்திரியை விட்டு ஹோட்டலுக்கும் மாறினார். எது குணப்படுத்தியது என்று பிரித்தறிய வழியில்லை. மனநெருக்கடியில் சுரக்கும் கோட்டிசோல் சிரிப்பால் குறையும் என்று அடிக்கடி காட்டப்படும் 1989 ஆய்விலும் மொத்தம் 10 ஆண்கள்தான். அதையும் சங்கத்தில் இந்த அளவோடு சொல்லுங்கள். அதிகம் சொல்லி ஏமாந்தவர்கள் உள்ள நன்மையையும் நம்பமாட்டார்கள்.

30.04.2025, மாலை 6.10
மருதமுனைத் தறி:

ஒருத்தர் குண்டா இருக்கார் எண்டு பகிடி பண்ணப்போய்ச் சண்டையாப் போச்சு. இதுக்கு என்ன சட்டம் வைக்கிற?

30.04.2025, இரவு 9.15
வாவிக்காற்று:

ஆளைச் சிரிக்கக்கூடாது, ஆளோடு சிரிக்க வேண்டும். தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலும் சிரிப்புக்கு ஊற்றுத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எள்ளப்பட்டவருக்கு அங்கே நடப்பது மேரிலாந்து ஆய்வில் சொன்ன இரண்டாவது காட்சி, இரத்தக் குழாய் சுருங்குகிற காட்சி.

இரு அணி கொம்பை இழுத்து முறிக்கும் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் வசை பாடுவதில்லையா என்று கேட்பீர்கள். அங்கே இரு பக்கத்துக்கும் சம உரிமை, பாடுவதற்கு என்று ஒரு நாள், ஒரு களம். வசை சேரியின் மேல் போகிறது. தனி ஆளின் உடம்பிலும் வறுமையிலும் கை வைத்தால் அது வேறு. வட்டத்தில் உடல், சாதி, சமயம், பேச்சு வழக்கு, பிள்ளையில்லாமை, இந்த ஐந்தும் வாயில் வரக்கூடாது. முதல் நாளே சொல்லிவிடுங்கள். "என்னகா", "மறுகா" என்பதைப் பட்டணத்தார் பகிடி பண்ணுவதும் இதில் அடக்கம்.

01.05.2025, காலை 7.00
கல்லடிக் கரை:

பக்கத்து ஒழுங்கையில செத்த வீடு. ஞாயிறு தொடங்கலாமா?

01.05.2025, காலை 7.20
வாவிக்காற்று:

வேண்டாம் அக்கா. எட்டாம் நாள் சடங்கு முடியட்டும். நாள் முக்கியமில்லை. 1998இல் முதல் சிரிப்பு நாளே ஜனவரியில்தான் நடந்தது, மேக்கு மாறியது பிறகு. ஞாயிறு எல்லாரும் செத்த வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள்.

இழந்தவர் வட்டத்துக்கு வர எவ்வளவு காலம் என்று பிறகு கேட்பீர்கள். கணக்கில்லை. தானாக வந்தால் ஓரத்தில் கதிரை போடுங்கள், சிரிக்கச் சொல்லாதீர்கள். நடுவில் அழுதால் அழட்டும், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தால் போதும். இந்தக் கரையில் போரிலும் 2004 கடலிலும் ஆளைப் பறிகொடுக்காத வீடு குறைவு. கிழமைக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டு வந்தால் அது சிரிப்பு வட்டத்தின் வேலையல்ல. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், எந்நேரமும் எடுக்கலாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகவும் ஒருவர் முன்வர வேண்டும்.

19.05.2025, காலை 8.30
கல்லடிக் கரை:

கிழமைக்கு மூண்டு நாள் நடக்குது. 14 பேர் ஒழுங்கா வாறாங்க. மூண்டு பேருக்குத் தொண்டை கட்டிப்போச்சு.

19.05.2025, பகல் 1.00
வாவிக்காற்று:

தொண்டையால் கத்துகிறார்கள். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தொப்புளுக்கு மேலும் வைக்கச் சொல்லுங்கள். "ஹா" சொல்லும்போது கீழ்க் கைதான் உள்ளே போக வேண்டும், மேல் கை அசையக்கூடாது. "ஹீ" என்ற உச்சச் சத்தத்தைக் குறைத்து "ஹோ"வைக் கூட்டுங்கள். நடுவில் இரண்டு மிடறு சாதாரண தண்ணீர். தொண்டை கட்டியவர்கள் மூன்று நாள் சத்தமில்லாச் சிரிப்பு மட்டும். இரகசியம் பேசுவதுபோல ஊதிக் கதைத்தாலும் குரல்நாண் களைக்கும், அதற்குப் பேசாமல் இருப்பது மேல். மூன்று கிழமை தாண்டியும் கரகரப்பு போகாவிட்டால், முக்கியமாக வெற்றிலை, புகையிலை போடுபவர் என்றால், தொண்டை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

கட்டுப்பல் தளர்ந்தவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கலாம். பல்லில்லாத சிரிப்பில் ஒரு குறையுமில்லை.

22.07.2025, காலை 6.45
கல்லடிக் கரை:

கச்சான் காத்து தொடங்கிட்டு. வாயைத் திறந்தா மணல். கண்ணும் எரியுது.

22.07.2025, காலை 7.30
வாவிக்காற்று:

இந்தக் காலத்தில் 5.45க்குத் தொடங்கி 6.10க்கு முடியுங்கள், காற்று எழும்புமுன். மேற்குப் பக்கம் சுவரோ மரமோ மறைக்கும் இடத்துக்குக் கதிரைகளை நகர்த்துங்கள், முகம் கிழக்கே இருக்கட்டும். வரண்ட காற்று தொண்டையைச் சீக்கிரம் கெடுக்கும், முட்டுக்காரரையும் கிளப்பும். அண்ணாந்து வாய் திறக்கிற தேத்தண்ணிச் சிரிப்பை நிறுத்தி, முரலலைக் கூட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மண்டபம் இப்போதே கேட்டு வையுங்கள். சீமெந்துச் சுவருக்குள் 14 பேர் சிரித்தால் எதிரொலி காதைப் பிளக்கும். காதுக் கருவி போட்டவர்கள் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருக்க வேண்டும். யன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். நிலத்தில் பாய் விரித்தால் ஓரம் தட்டி விழுவார்கள், வெறும் நிலமே நல்லது. இருமல், தடிமன் உள்ளவர் வாய் திறந்து சிரிக்கும் இடத்துக்கு வராமல், சுகமானதும் வரட்டும்.